படத்து அப்பா செய்ததை உங்கள் வீட்டுக்காரர் செய்ய வேண்டியதில்லை

வாசகர் கடிதம்:

டாக்டர், என் மகனுக்கு 5 வயது. தரையில் உட்கார்ந்தால் தொடையில் கை ஊன்றித்தான் எழுந்திருப்பான். இப்போதெல்லாம் தலையணை இரண்டு கேட்கிறான், காலையில் தலைவலி என்று அழுகிறான். ஒன்றரை வருடம் கல்லீரல் கோளாறு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். போன மாதம்தான் பாம்பே (Pompe) என்ற தசை நோய் என்று ரிப்போர்ட் வந்தது. என் தம்பி 'எக்ஸ்ட்ராஆர்டினரி மெஷர்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். இதே நோய் வந்த இரண்டு பிள்ளைகளுக்காக அப்பா வேலையை விட்டு, விஞ்ஞானி ஒருவரைப் பிடித்து, கம்பெனி தொடங்கி மருந்தே கண்டுபிடிக்கிறார். எனக்குப் படம் பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. மாதம் 18,000 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. படம் பார்த்ததிலிருந்து தூங்குவதில்லை. "அவன் செஞ்சான், நான் செய்யலைன்னா என்ன அப்பன்?" என்கிறார். வேலையை விட்டுவிட்டுப் பணம் திரட்டக் கிளம்பப் போகிறாராம். நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஊரே பேசுகிறது. பையனும் படத்தைப் பார்த்தான். "மருந்து ஏத்துனா நானும் அந்தப் பிள்ளைங்க மாதிரி சிரிப்பேனா?" என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?

- திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவர் வேலையை விடக் கூடாது. இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இது மறக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்வதற்கு முன் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அந்தப் படம்தான்.

நான் அதை 2010இல் வந்தபோதே பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு இன்னொரு முறை பார்த்தேன். பிரெண்டன் ஃபிரேசர் அப்பாவாகவும் ஹாரிசன் ஃபோர்டு விஞ்ஞானியாகவும் நடித்திருக்கிறார்கள். இருவருமே நல்ல நடிகர்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி.யில் போடும் படம் போலத்தான் இருக்கிறது. எந்தக் காட்சியில் அழ வேண்டும், எந்தக் காட்சியில் கைதட்ட வேண்டும் என்று இசையே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. லேபில் சத்தமாகப் பாட்டு வைத்துக்கொண்டு எல்லோரிடமும் எரிந்து விழும் அந்த விஞ்ஞானி, உண்மையில் அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. பல பேரை ஒரே ஆளாக உருட்டிச் செய்த கற்பனைப் பாத்திரம் அது. அம்மாவாக வரும் கெரி ரஸ்ஸலுக்குப் படுக்கை ஓரம் உட்கார்ந்து கவலைப்படுவதைத் தவிரப் பெரிதாக வேலையே கொடுக்கவில்லை. உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். இரவில் மூன்று முறை எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பவர் நீங்கள். அதெல்லாம் படத்தில் எங்கே இருக்கிறது?

என் கோபம் வேறு இடத்தில். ஒரு அப்பாவின் பிடிவாதத்தால்தான் மருந்து வந்தது என்று படம் நம்ப வைக்கிறது. அப்படியானால் மருந்து கிடைக்காத வீட்டில் அப்பா போதுமான அளவுக்குப் போராடவில்லை என்று ஆகிவிடுகிறது. உங்கள் வீட்டுக்காரரைத் தூங்க விடாமல் செய்வது இந்த எண்ணம்தான். அது தப்பு என்பதற்கு, நடந்த கதையே சாட்சி.

நிஜத்தில் அந்த அப்பாவின் பெயர் ஜான் கிரௌலி. அமெரிக்கர். சட்டம் படித்தவர், அதன்மேல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தவர், மருந்துக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். 1998இல் அவருடைய மகளுக்கும் கைக்குழந்தையாக இருந்த மகனுக்கும் இந்த நோய் என்று தெரிந்தது. படத்தில் பிள்ளைகளுக்கு வசனம் வேண்டும் என்பதற்காக வயதைக் கூட்டிவிட்டார்கள். ஓக்லஹோமாவில் வில்லியம் கேன்ஃபீல்டு என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து நோவாசைம் என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். 2001இல் ஜென்சைம் என்ற பெரிய நிறுவனம் அதை 13 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. இதுவரை படமும் நிஜமும் ஏறக்குறைய சேர்ந்து போகின்றன. அடுத்ததைத்தான் உங்கள் வீட்டுக்காரர் கவனமாகக் கேட்க வேண்டும். ஜென்சைம் தன் கையில் இருந்த, இந்த நோய்க்கு மருந்தாக ஏற்றும் நான்கு வகை நொதிகளையும் (என்சைம்களையும்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தது. கிரௌலியின் நிறுவனம் செய்த நொதி அதில் தேறவில்லை. 2003 ஜனவரியில் அவர் பிள்ளைகளுக்கு ஏறியதும், 2006இல் அமெரிக்க அரசு அனுமதி பெற்றதும் வேறு நொதி. அவர் வேலை வீண் என்று நான் சொல்லவில்லை. அவர் கொடுத்த நெருக்கடியால் காரியம் வேகமாக நடந்தது. ஆனால் அவர் செய்த மருந்து அவர் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

அப்படியானால் யார் செய்தார்கள்? ஒரு ஆளைச் சொல்ல முடியாது. 1932இல் நெதர்லாந்தைச் சேர்ந்த யோஹன்னஸ் பாம்பே என்ற மருத்துவர், இதயம் வீங்கி இறந்துபோன ஏழு மாதப் பெண் குழந்தையைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் பெயர்தான். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் இருந்தவர், 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 1963இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹெர்ஸ், இந்தக் குழந்தைகளின் உடலில் ஒரே ஒரு நொதி இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஒரு பூஞ்சையிலிருந்து நொதியை எடுத்து ஏற்றிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1999இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் என்ன செய்தார்கள் தெரியுமா? மனித நொதியைப் பாலில் சுரக்கும்படி மாற்றிய முயல்களை வளர்த்து, அந்த முயல் பாலிலிருந்து நொதியைப் பிரித்து நான்கு குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். வீங்கியிருந்த இதயம் சுருங்கியது. இந்த மருத்துவம் பலிக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்த நான்கு குழந்தைகளால்தான். அதே சமயத்தில் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் சென் யுவான்-ட்சாங் என்ற மருத்துவர், ஒரு தைவான் நிறுவனத்தின் பண உதவியோடு, வெள்ளெலியின் செல்களில் அதே நொதியை வளர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஹெர்ஸ் கண்டுபிடித்ததிலிருந்து மருந்து கடைக்கு வர 43 வருடம். இடையில் எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் கிரௌலியைவிடக் குறைவாகப் பிள்ளையை நேசித்தவர்கள் இல்லை. படத்தில் முயலையும் காணோம், தைவானையும் காணோம், முதல் ஊசிக்குக் கை நீட்டிய அந்த நான்கு குழந்தைகளின் தாய்மாரையும் காணோம். இவ்வளவையும் விட்டுவிட்டு எடுத்த படம் என்னை ஏமாற்றியதில் ஆச்சரியமில்லை.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம்.

நம் உடம்பு சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்று ஒரு சிறு பை உண்டு, பழையதை உடைத்துக் கழிக்கும் இடம். அங்கே வந்து சேரும் கிளைகோஜனை உடைக்கும் நொதி உங்கள் பையனிடம் மிகக் குறைவு. அதனால் பை உப்பி, தசை நார்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகின்றன. பிறந்த சில மாதத்திலேயே வரும் வகையில் இதயம் வீங்கிவிடும், மருந்து இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. கிரௌலியின் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையிலேயே தெரிந்துவிட்டது. உங்கள் பையனுடையது தாமதமாகத் தலைகாட்டும் வகை. எக்கோ ரிப்போர்ட்டில் இதயம் சரியாக இருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய நகலில் பார்த்தேன். இது உண்மையிலேயே நல்ல செய்தி, இதை உங்களிடம் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

கல்லீரல் விஷயத்தைப் பற்றி மற்ற வாசகர்களுக்காகவும் ஒரு வார்த்தை. ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு நொதிகளும் கூடியிருந்தால் எல்லோரும் கல்லீரலைத்தான் பார்ப்பார்கள். அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன. ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி இயல்பாக இருந்து இவை மட்டும் கூடியிருந்தால், சி.பி.கே. என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும், கோளாறு தசையில் என்று காட்டிக் கொடுத்துவிடும். பிள்ளை மஞ்சள் காமாலை இல்லாமல், ஆனால் அடிக்கடி விழுந்து, மாடிப்படி ஏறத் தயங்கினால் இதைக் கேட்டு எடுங்கள். உங்களுக்கு ஒன்றரை வருடம் போனது வருத்தம்தான். அது உங்கள் தவறில்லை.

இப்போது மருந்துக் கணக்கு. இதைக் காகிதத்தில் எழுதி உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், அவர் மில்லில் கணக்குப் பார்க்கிறவர். ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நரம்பு வழியாக. பையன் 14 கிலோ என்றால் 280 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50 மில்லிகிராம்தான் இருக்கும், ஆக 6 குப்பி. வருடத்துக்கு 26 முறை, 156 குப்பி. அவன் 16 கிலோ ஆனால் 7 குப்பி வேண்டும், வருடத்துக்கு 182. பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். நிறுத்தவும் முடியாது. படம் முடிகிற இடத்தில் நோய் தீர்ந்துவிட்டது போல ஒரு நிறைவு வருகிறதே, அதை நம்பிவிடாதீர்கள். இது நோயைக் குணப்படுத்துகிற மருந்து கிடையாது, பிடித்து நிறுத்துகிற மருந்து. கிரௌலியின் மகள் வளர்ந்து கல்லூரிப் பட்டமும் வாங்கினார், சக்கர நாற்காலியில் இருந்தபடியே.

வேலையை விடக் கூடாது என்றேனே, அது இதனால்தான். அவருடைய இ.எஸ்.ஐ. அட்டை உங்கள் வீட்டிலேயே விலை அதிகமான பொருள். இந்த வகை நொதி மருந்துகளை இ.எஸ்.ஐ. மூலம் பெற்றுவரும் குடும்பங்கள் இந்தியாவில் இருக்கின்றன. வேலை போனால் பிடித்தம் நிற்கும், பிடித்தம் நின்றால் அந்த வழி அடைபடும். படத்து அப்பா வேலையை விட்டதால் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று படம் சொல்கிறது. உங்கள் பையன் விஷயத்தில் அவர் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருப்பதுதான் உதவி. அட்டையில் பையன் பெயரும் ஆதாரும் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். நொதி அளவு ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட், எக்கோ, எடை குறித்த சீட்டு, மருந்து பற்றி மருத்துவர் எழுதிய கடிதம், இவற்றை வைத்து இ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்து முன் அனுமதிக்கு மேலே அனுப்பச் சொல்லுங்கள். வாய்மொழியாக "இதெல்லாம் கிடைக்காது" என்று திருப்பி அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள். நானே ஒரு குடும்பத்துக்காக ஒரு அலுவலகத்தில் மூன்று முறை போய் நின்றிருக்கிறேன். இரண்டு முறை வாயால் இல்லை என்றவர்கள், எழுதிக் கொடுங்கள் என்றதும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு வழி, மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை. அதில் மூன்றாம் பிரிவில் பாம்பே நோய் இருக்கிறது. அரசு அங்கீகரித்த சிறப்பு மையங்களில் பதிவு செய்துகொண்டால் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி. பெங்களூரில் மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்த மையம் ஒன்று, திருவனந்தபுரத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை ஒன்று. 50 லட்சம் என்பது பெரிய தொகையாகத் தெரியும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கே சில அரிய நோய்களுக்கு ஆண்டுச் செலவு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல் ஆகலாம் என்று அந்தக் கொள்கையே சொல்கிறது. அதனால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், ஆனால் பதிவு செய்யாமலும் இருக்க வேண்டாம். இப்படிப்பட்ட மருந்துகளைச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்தால் 2023 ஏப்ரலிலிருந்து அடிப்படைச் சுங்க வரி கிடையாது. உண்டியல் வசூலும் இணையத்தில் நிதி திரட்டுவதும் கடைசியில்தான், அதையும் உங்கள் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். லேப்டாப் அவரிடம்தானே இருக்கிறது.

சொந்தத்தில் கட்டியது பற்றி. இந்த நோய் வர அப்பா, அம்மா இருவரிடமும் அதே மரபணுவில் பழுது இருக்க வேண்டும். சொந்தத்தில் கட்டும்போது ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அந்தப் பழுது இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்புக் கூடுகிறது, அது உண்மை. ஆனால் உறவே இல்லாத தம்பதிகளுக்கும் இந்த நோய் உள்ள பிள்ளைகள் பிறக்கிறார்கள், கிரௌலி தம்பதியும் உறவினர்கள் கிடையாது. அத்தை மகனைக் கட்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது, கல்யாணத்தைப் பேசி முடித்தவர்கள் பெரியவர்கள். இதில் உங்கள் பாவம் என்ன இருக்கிறது? அடுத்த குழந்தை பற்றி யோசித்தால் மட்டும், கர்ப்பம் உண்டாவதற்கு முன்பே மரபியல் மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கர்ப்பத்தின் 11ஆம் வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்துச் சோதிக்க முடியும். வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறை இருக்கிறது.

மருந்து வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்த நோயில் கால்களைவிட நான் பயப்படுவது மூச்சுக்கு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசை சோர்ந்துபோகும், அதுவும் படுத்திருக்கும்போதுதான் தெரியும். நீங்கள் எழுதியிருந்தீர்கள், இப்போதெல்லாம் தலையணை இரண்டு கேட்கிறான், காலையில் தலைவலி என்று அழுகிறான் என்று. போகிற போக்கில் எழுதிய வரி அது. எனக்கு அதுதான் முக்கியமான வரி. இரவு தூக்கத்தில் ஆக்சிஜன் அளவும் கார்பன் டை ஆக்சைடும் பார்க்கும் பரிசோதனை உடனே வேண்டும். தேவைப்பட்டால் இரவில் மட்டும் முகமூடி வழியாகக் காற்றுத் தரும் கருவி. சளி, இருமல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஃபுளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போடுங்கள். எந்த அறுவைச் சிகிச்சை என்றாலும், பல் பிடுங்குவதற்கு மயக்கம் கொடுப்பதானாலும், பாம்பே நோய் என்று மயக்க மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஓடக் கூடாது, ஏறக் கூடாது என்று கட்டிப் போட வேண்டாம். களைத்தால் உட்கார விடுங்கள், போதும்.

கடைசியாகப் பையன் கேட்ட கேள்வி. படத்தில் மருந்து ஏறும்போதே பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சர்க்கரை உடைவதால் என்று சொல்வார்கள். உடம்பில் அப்படி நடப்பதில்லை. சேர்ந்து கிடக்கும் கிளைகோஜன் கரைய வாரங்களும் மாதங்களும் ஆகும். சிரிப்பு வரவில்லையே, மருந்து பலிக்கவில்லையோ என்று அவன் பயந்துவிடக் கூடாது. அதனால் இருப்பதை இருப்பது போலவே சொல்லுங்கள். கையில் ஒரு ஊசி குத்துவார்கள், கொஞ்சம் வலிக்கும். அப்புறம் மருந்து சொட்டுச் சொட்டாக நாலு மணி நேரம் ஏறும், முதல் தடவைகளில் இன்னும் மெதுவாகக்கூட ஏற்றுவார்கள். உடம்பில் அரிப்போ, தடிப்போ, மூச்சு முட்டலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று பழக்கி வையுங்கள், நர்ஸ் நிறுத்திவிட்டுச் சரிசெய்வார். முதல் நாளன்று கூடவே அவன் அப்பாவும் இருக்கட்டும், அன்று மட்டும் லீவு போட்டால் போதும். ஆஸ்பத்திரி ஏ.சி. குளிரும், வீட்டுப் போர்வையை எடுத்துப் போங்கள். அவனுக்குப் பிடித்த கதைப் புத்தகம் ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டும். ஊசியை இடது கையில் போடச் சொல்லுங்கள், படம் வரைய வலது கை வேண்டும்.